ஒரு கை தூக்கினால் போதும்

சிறை, விசாரணைக் கைதிகள் பகுதி
5 பிப்ரவரி 2024

அக்கா,

நலமா என்று கேட்டால் கடிதத்தைக் கிழித்துப் போடுவாய். அதனால் கேட்கவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, இடது கையால் எழுதுகிறேன். வலது கையில்தான் நீ கோணூசியை இறக்கிவிட்டாயே. லாரித் தார்பாய் தைக்கிற ஊசி, உள்ளங்கையில் புகுந்து புறங்கை வழியாக வெளியே வந்தது. இங்கே டாக்டர் கட்டு மாற்றும்போது, "எந்த ரவுடிடா குத்தினான்?" என்று கேட்டார். எங்க அக்கா என்றேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, படிக்கவாவது செய். நீங்கள் பதினாலு பெண்கள் வரதன் அண்ணனின் வட்டிக்கடை வாசலுக்குத் திருவிழா ஊர்வலம் மாதிரி வந்தீர்கள். இஷ்ரத்தின் புருஷன் ஷாரிக் வாங்கிய கடனை உங்கள் சங்கப் பணத்தில் அடைத்துவிட்டு, அண்ணன் அடமானமாக வைத்திருந்த அவனுடைய சம்பள ஏடிஎம் கார்டை வாங்கிப் போகத்தானே வந்தீர்கள்? அதற்கு ஒருத்தி வந்தால் போதாதா? தெருவே வேடிக்கை பார்க்கும்போது அவருக்கு என்ன மரியாதை? "ஷட்டரை எறக்குடா, நாலு தட்டு தட்டி அனுப்பு" என்று உள்ளிருந்து கத்தினார். என்னோடு வசூலுக்கு வருகிற பீம்ராவ் ஷட்டரை இழுத்தான். நான் இரும்புப் பைப்பை எடுத்தேன். ஷட்டரில் அடித்துச் சத்தம் காட்டத்தான் ஓங்கினேன். டெபோரா அக்கா குறுக்கே வந்துவிட்டாள். ஏசு மேல் ஆணையாக என்று அவளிடம் சொல், நான் அவளைக் குறிவைக்கவில்லை.

வக்கீலை அனுப்புகிறேன் என்ற வரதன் அண்ணன் இன்னும் யாரையும் அனுப்பவில்லை. ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும். ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கொண்டு நீ வந்தால் இன்னொருத்தரை நான் பிடித்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரு தடவை மனு போட்டு என்னைப் பார்க்க வா. குத்தியது நீ. வலிக்கிறதா என்றாவது வந்து கேட்கலாம்.

நிலவன்


தண்டையார்பேட்டை
14 பிப்ரவரி 2024

நிலவா,

உன் போனை எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, கைதான் வரும்.

ஷட்டரில் அடிக்க ஓங்கினாயா? ஷட்டர் உனக்குப் பின்னால் இருந்ததுடா. முன்னால் நின்றது டெபோரா. தாடை இரண்டு இடத்தில் உடைந்து, மேல் பல்லையும் கீழ் பல்லையும் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி உறிஞ்சுகிறாள். தும்மல் வந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. தெறித்து விழுந்த பற்களைக் கால்வாய் ஓரத்தில் பொறுக்கித் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டு இஷ்ரத் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், திரும்ப ஒட்டவைப்பார்கள் என்று நினைத்து. நர்ஸ் அதை வாங்கிக் குப்பையில் போட்டதும் இஷ்ரத் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். என் பக்கத்து மிஷினில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்து தைக்கிறவள் டெபோரா. நீ வேலையில்லாமல் திரிந்த காலத்தில் தன் டப்பாவிலிருந்து உனக்குச் சோறு போட்டவள். அவள் வாயைத்தான் உடைத்திருக்கிறாய்.

பதினாலு பேர் எதற்கு என்று கேட்டாய். போன வருஷம் ஷாரிக் அதே கடனை அடைக்கத் தனியாகத்தான் போனான். கண்டெய்னர் யார்டில் மூட்டை தூக்கிய காசு. உதட்டில் ரத்தத்தோடு திரும்பி வந்தான். கார்டும் வரவில்லை, கொண்டுபோன பணமும் வரவில்லை. கூடவே வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து வேறு வாங்கி அனுப்பியிருந்தான் உன் வரதன். அன்றைக்கு வைத்த விதி இது. அடமானம் மீட்கப் போனால் சங்கமே போகும். பட்டப்பகலில், வேலை உடுப்போடு, ஒருத்தி பாக்கியில்லாமல். தனியாகப் போகிறவளுக்கு நடப்பது யாருக்கும் தெரியாது, அதில்தான் வரதன் பிழைக்கிறான்.

சங்கம் என்றால் உனக்குக் கிண்டல். சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோடு குடோனில் தைத்துப்போட்ட தார்பாய் மேலேயே வட்டமாக உட்கார்ந்து நூறு நூறாகப் போட்டோம். கடன் கேட்கிறவள் நடுவில் உட்கார்ந்து, எதற்கு என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். ஆட்சேபம் இருக்கிறவள் கை தூக்கலாம். நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி. வரதனிடம் பத்து. எங்கள் வட்டி வருஷக் கடைசியில் எங்களுக்கே பங்காகத் திரும்பி வரும், அவன் வட்டி அவன் மாடியாக உயரும். இஷ்ரத்தின் மகள் பிரசவம், டெபோராவின் கூரை எல்லாம் இந்தப் பணத்தில் நடந்தது. ஒருத்தியும் ஏமாற்றவில்லை. எப்படி ஏமாற்றுவாள், திங்கட்கிழமை அதே மிஷினில் வந்து உட்கார வேண்டுமே!

ஜாமீன் நிற்பது என்றால், இவனுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுவது. உனக்கு நான் பொறுப்பில்லை. கை வலித்தால் வலிக்கட்டும்.

மதி


சிறை
22 பிப்ரவரி 2024

அக்கா,

சங்கத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா? நானும் அந்தத் தார்பாய் நடுவில் உட்கார்ந்தவன்தான். மறந்துவிட்டாயா, இல்லை மறந்த மாதிரி நடிக்கிறாயா?

குடோனில் நானும் சுமை ஏற்றிக்கொண்டிருந்த சமயம். ஷேர் ஆட்டோவுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று கேட்டேன். திருவொற்றியூர் ரூட், பணம் கட்டின உடனே வண்டி தருகிறேன் என்றான் ஒருத்தன். எல்லோரும் சும்மாதான் இருந்தார்கள். டெபோரா அக்கா சரி என்று தலையை ஆட்டிவிட்டாள். கை தூக்கியது நீ ஒருத்தி. கூடப்பிறந்தவள்! ஒரு கை தூக்கினால் போதும், கடன் கிடையாது, அதுதானே உங்கள் சட்டம்? பதிமூணு பேர் முன்னால் என் முகத்தில் காறித் துப்பின மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே வரதன் அண்ணனிடம் போனேன். அவர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. நோட்டை எண்ணிக் கையில் வைத்தார். வண்டி மூன்று மாசத்தில் போய்விட்டது, கடன் மட்டும் நின்றது. "கட்ட முடியலன்னா இன்னாடா, கூட நில்லு. கயிச்சிக்கலாம்" என்றார். நின்றேன்.

நின்றவன் என்னவெல்லாம் செய்தேன் என்று கேள். எண்ணூரில் ஒருத்தன் வீட்டுக் கதவைக் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தோம். ராயபுரத்தில் ஒருத்தியின் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே சிலிண்டரைப் பிடுங்கினோம். மூலக்கொத்தளம் சுடுகாட்டு வாசலில் வைத்து ஒருத்தனின் விரலை மடக்கி ஒடித்தேன், அப்பனை எரித்துவிட்டு வெளியே வந்தவன். இதெல்லாம் உன் ஒரு கையிலிருந்து வந்தது அக்கா. நீயே எண்ணிப் பார்.

திட்டி முடித்துவிட்டேன். இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. இந்தக் கடிதத்தைச் சோதிக்கிற ஐயாவும் படிக்கட்டும், எனக்குக் கவலையில்லை. நேற்று பீம்ராவ் மனு போட்டு என்னைப் பார்க்க வந்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மாமு, ஒங்க அக்காவாண்ட சொல்லு, இன்னொரு தபா கடப்பக்கம் வர வேணாம். இந்த தபா பைப்பு இல்ல, கத்தி. ஆளு வெளியூர்லேந்து இட்டுகினு வந்து கீறாரு" என்றான். அவன் விளையாட்டுக்குக்கூட என்னிடம் பொய் சொன்னதில்லை. வசூலுக்குப் போகிற வீட்டில் குழந்தை அழுதால் வெளியே போய் நின்றுகொள்வான். நான் பார்த்திருக்கிறேன்.

நிலவன்


தண்டையார்பேட்டை
3 மார்ச் 2024

நிலவா,

கை தூக்கியது நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் தூக்குவேன். ஆறு மாசம் சேமித்தவருக்குத்தான் கடன். நீ போட்டது மூன்று சனிக்கிழமை. மதியின் தம்பி என்று வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள், கொடுக்க மனசு வந்து ஆட்டவில்லை. உனக்காக அன்றைக்கு வளைத்திருந்தால் அடுத்த வாரம் ஒருத்தி தன் அண்ணனைக் கூட்டி வருவாள், அதற்கடுத்த வாரம் குடோன் மேஸ்திரி வருவான், பெட்டி காலியாகும், எல்லோரும் மறுபடி வரதன் வாசலில் நிற்போம். இன்னும் ஐந்தாறு மாசம் பொறுத்திருந்தால் நானே உனக்குப் பிணை நின்றிருப்பேன். அது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ மறுநாள் வந்து கேட்கவில்லை. அந்த ஆள் விரலை ஒடித்தது உன் கை. என் கையைக் காட்டாதே.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை குடோனுக்குள் பெட்ரோல் பாட்டில் வீசினார்கள். தைத்து அடுக்கியிருந்த தார்பாய் எல்லாம் எரிந்தது. அந்தப் புகை தெரியுமா உனக்கு? மெழுகும் ரப்பரும் சேர்ந்து எரிகிற கறுப்புப் புகை, தொண்டையை அறுக்கும். சங்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இஷ்ரத் வெளியே ஓடி வரும்போது அவள் முடி பொசுங்கியிருந்தது. நான் சாக்கை நனைத்து அவள் தலையில் போட்டு அமுக்கினேன். ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

கார்டை மீட்க வரதன் கடைக்கு மறுபடி போவதா என்று மறுநாள் எரியாத ஓரத்தில் உட்கார்ந்து கூட்டம் போட்டோம். போக வேண்டாம் என்று ஒருத்தியாவது சொல்வாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சொல்ல மாட்டாளா என்று ஏங்கினேன். டெபோரா கம்பி கட்டின வாயைத் திறக்க முடியாமல் பல்லுக்கு நடுவிலிருந்து, "நான் மொதல்ல நடக்கறேன்" என்றாள். அதற்குப் பிறகு யார் கை தூக்குவாள்? இந்தச் சனிக்கிழமை, ஒன்பதாம் தேதி, நாலு மணிக்குப் போகிறோம்.

உன் பீம்ராவ் கதையை நான் நம்பவில்லை. அவன் வரதனின் எடுபிடி. எங்களைப் பயமுறுத்தி வீட்டில் உட்காரவைக்க அவனை உன்னிடம் அனுப்பியிருக்கிறார்கள், நீயும் இங்கே எழுதுகிறாய். அன்றைக்கு ஷட்டரை இழுத்தவன்தானே அவன்? எனக்குப் பயம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தடவை வெறும் கையோடு வர மாட்டோம்.

மதி


சிறை மருத்துவமனை
8 மார்ச் 2024

அக்கா,

இது நாளைக்குள் உன் கைக்கு வராது. தெரிந்தும் எழுதுகிறேன். காலையிலிருந்து உன் நம்பருக்கு அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. வார்டர் ஐயாவே பாவப்பட்டு இன்னொரு தடவை அடித்துப் பார்க்க விட்டார். எடுடி என்று கத்தினேன். கத்தினால் கேட்கவா போகிறது?

முந்தாநாள் மாஜிஸ்திரேட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வரதன் கார்டுகளை எங்கே வைத்திருக்கிறான், சம்பள நாளில் எந்த ஏடிஎம்மில் யார் போய்ப் பணம் எடுப்பார்கள், விரல் ஒடித்தது வரைக்கும். இரவே சேதி உள்ளே வந்துவிட்டது. குளிக்கிற தொட்டிப் பக்கம் வரதனுடைய ஆள் ஒருத்தன், தட்டின் விளிம்பைத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தவன், என் வயிற்றில் இழுத்தான். குடலை அள்ளி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். உன் தையல் அளவுக்கு நேராக இல்லை.

ஒரு வாரம் தள்ளிப் போடு. வரதன் கடைக்குப் போலீஸ் வரும், அதற்குப் பிறகு போ. இல்லை, போயே தீருவேன் என்றால் இது ஒன்றை மட்டும் கேள். அங்கே நாலு பேர் நிற்பார்கள். மூன்று பேர் வெளியூர். நாலாவது பீம்ராவ். அவன் மறுபடி வந்து சொல்லிவிட்டுப் போனான். "நான் கத்தி தொட மாட்டேன் மாமு. ஷட்டர் சாவி எங்கையிலதான் கீது. ஒங்க அக்கா வந்தா தொறந்து கார்டை எடுத்துக் குட்த்துட்றேன், அப்பால இன்னா ஆவுதோ ஆவட்டும்" என்றான். அடையாளத்துக்கு நீலச் சட்டை போட்டு வருவான். அவனை மட்டும் விட்டுவிடுங்கள். அவனை மட்டும் தொடாதீர்கள் அக்கா.

நிலவன்


பெண்கள் சிறை
2 ஏப்ரல் 2024

நிலவா,

உன்னைச் சொந்தப் பிணையில் விட்டுவிட்டார்கள் என்று இஷ்ரத் மனு போட்டுப் பார்க்க வந்தபோது சொன்னாள். நீ வெளியே, நான் உள்ளே. அப்பா இருந்திருந்தால் இரண்டு பேரையும் பெற்றதற்குத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். உன் எட்டாம் தேதிக் கடிதத்தை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். படித்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நடந்ததை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லியிருப்பார்கள். நான் சொல்வதைக் கேள்.

எரியாமல் தப்பித்த பெரிய லாரித் தார்பாய் ஒன்று இருந்தது. அதை நனைத்து, பதினாலு பேரும் இரண்டு பக்கமும் ஓரத்து வளையங்களில் கோத்த கயிற்றைப் பிடித்து, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தோம். நனைந்த தார்பாயில் கத்தி சட்டென்று இறங்காது, அது எங்கள் தொழில், எங்களுக்குத் தெரியும். கிளம்பும்போது இடுப்பில் போன் அதிர்ந்தது. ஜெயில் நம்பர். அணைத்துப் போட்டேன்.

கடை வாசலில் நாலு பேர் நின்றார்கள். முன்னால் நின்றவன் டெபோராவைப் பார்த்து வீசினான். தார்பாயைக் கிழித்து அவள் தோளைக் கிழித்தான். அவள் கயிற்றை விடவில்லை. அடுத்த வீச்சு என் முதுகில். சுடுதண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. "போடுங்கடி!" என்று நான்தான் கத்தினேன். பதினாலு பேரும் ஒரே மூச்சில் தூக்கி அவர்கள் மேல் போட்டோம். நனைந்த தார்பாயின் கனம் உனக்குத் தெரியுமே, லாரி மேல் ஏற்ற நாலு ஆள் வேண்டும். நாலு பேரும் அடியில் விழுந்தார்கள். ஓரங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். கத்தி ஒன்று தார்பாயைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது, இஷ்ரத் செங்கல்லால் அந்தக் கையை நசுக்கினாள். எலும்பு நொறுங்கின சத்தம் கேட்டது. அவள், "அல்லா, அல்லா" என்று அழுதுகொண்டே நசுக்கினாள்.

தார்பாய் ஓரத்தில் வளையம் அடிக்கிற மரச் சுத்தி, அந்தக் கொட்டாப்புளி, என் கையில் இருந்தது. எனக்கு முன்னால் ஒரு தலை எழும்பியது. அடித்தேன். அது தாழ்ந்து மறுபடி எழும்பியது. அடித்தேன். அது வரைக்கும் உயிருக்குப் பயந்து அடித்தது, எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். அப்புறம் தார்பாய்க்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "யக்கா... யக்கா, நானு..." என்று.

உன் குரல் மாதிரியே இருந்தது நிலவா. பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நீ கண்ணில் வந்தாய். டெபோராவின் பல் வந்தது, எரிந்த குடோன் வந்தது. அக்கா என்று கூப்பிட்டதால்தான் மூன்றாவது அடி அடித்தேன். அதுதான் மண்டையைப் பிளந்தது.

தார்பாயை விலக்கினபோது நீலச் சட்டை. அப்போது அது எனக்கு வெறும் சட்டை. வலது கையில் ஷட்டர் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தான். போலீஸ் வந்ததும் கொட்டாப்புளி யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது, அடித்தது நான் மட்டும் என்று சொன்னேன். மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள்.

அவன் எப்படி இருக்கிறான்? எழுது. இனிப்பு தடவாமல் எழுது.

மதி


தண்டையார்பேட்டை
15 ஏப்ரல் 2024

அக்கா,

இனிப்பு தடவாமலே எழுதுகிறேன். பீம்ராவ் உயிரோடு இருக்கிறான். கண் திறக்கிறான், யாரையும் தெரியவில்லை. ஒரு பக்கம் கை கால் வரவில்லை. வாயில் குழாய். வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். வயிற்றுத் தையல் இழுக்கிறது, அதனால் ரொம்ப நேரம் உட்கார முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு உன்னை வெறுத்தேன். இரண்டு நாள். அதற்கு மேல் முடியவில்லை. அந்த அடி எனக்கு வரவேண்டியது, வாங்கியவன் அவன்.

வரதன் உள்ளே போய்விட்டான். வாக்குமூலத்தில் நான் சொன்ன இடத்திலேயே, அரிசி டின்னுக்குள் கட்டுக்கட்டாக ரப்பர் பேண்ட் போட்டுக் கார்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் ரகசிய நம்பர் ஒட்டியிருந்தது. ஷாரிக்குடையது இருந்தது. பீம்ராவுடையதும் இருந்தது அக்கா. அவன் மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரம்பூரில் கேண்டீன் வேலையில் இருந்தபோது மனைவியின் ஆபரேஷனுக்கு வாங்கின கடன். கட்ட முடியாமல் என்னை மாதிரியே கூட நின்றவன். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

போன சனிக்கிழமை உன் சங்கத்துக்குப் போனேன். வாசலில் நின்றபோது ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை. நானே போய்த் தார்பாய் நடுவில் உட்கார்ந்தேன். மதிக்கு வக்கீல் வைக்கக் கடன் வேண்டும் என்று கேட்டேன். டெபோரா அக்கா கை தூக்கினாள். கம்பியை எடுத்துவிட்டார்கள், தாடை ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. என் முகத்தைப் பார்க்காமல், தார்பாயைப் பார்த்துச் சொன்னாள். "கடன் வோணுன்னா கேக்கறவ நேர்ல வந்து குந்திக் கேக்கணும். மதி வெச்ச ரூலு. இவன் மெம்பர்கூடக் கெடையாது." எனக்குச் சுருக்கென்றது. எழுந்திருக்கப் போனேன். "குந்துடா, இன்னும் முடிக்கல" என்றாள். "கடன் கெடையாது. ஜாமீனுக்கு நான் நிக்கறேன். எம் பேருல வரி ரசீது கீது." இஷ்ரத் உடனே, "இன்னொரு ஆளு நானு" என்றாள். வக்கீலுக்கு அவரவர் பையிலிருந்து எடுத்து வைத்தார்கள், சங்கப் பெட்டியை யாரும் தொடவில்லை. ஜாமீன் கிடைத்ததும் பதிமூணு பேரும் ஜெயில் வாசலுக்கு நடந்து வந்து உன்னைக் கூட்டிப்போவார்களாம். அடமானம் மீட்கப் போவது மாதிரி. அடுத்த வாரம் உத்தரவு வந்துவிடும் என்கிறார் வக்கீல்.

ஒன்று மட்டும் பாக்கி. கூட்டம் முடிகிற நேரத்தில் பீம்ராவின் மனைவி வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை. உன்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஒரு நூறு ரூபாயை நீட்டி, "என்னியும் சேத்துப்பீங்களா?" என்றாள். மதி சொல்லட்டும் என்று டெபோரா அக்கா அனுப்பிவிட்டாள். சேர்த்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீ உட்கார வேண்டும். சேர்க்காவிட்டால் அவள் அடுத்த வரதனிடம் போவாள். நீதான் சொல்ல வேண்டும்.

நானும் நூறு ரூபாய் போட்டுவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

நிலவன்


பெண்கள் சிறை
19 ஏப்ரல் 2024

நிலவா,

டெபோரா செய்தது சரி. நான் அங்கே இருந்திருந்தால் அவளுக்கு முன்னால் நான் கை தூக்கியிருப்பேன். நூறு ரூபாய் போட்டாய் என்று படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரமும் விடாதே.

அவளைச் சேருங்கள். இது கைக்குக் கிடைத்த அன்றைக்கே. கை தூக்க நினைக்கிறவள் யாராக இருந்தாலும் முதலில் என்னைச் சங்கத்தை விட்டு வெளியே அனுப்பட்டும். நான் அவள் எதிரில் உட்காருவேன். அவள் என்னைப் பார்த்தாலும் உட்காருவேன், பார்க்காவிட்டாலும் உட்காருவேன்.

ஜாமீன் உத்தரவு வந்தாலும் அன்றைக்கே என்னை அழைக்க வராதீர்கள். கார்டுகள் எல்லாம் கோர்ட்டில் இருக்கும். அவள் தனியாகப் போய்க் கேட்டால் இந்தப் பேப்பர் எங்கே, அந்தப் பேப்பர் எங்கே என்று அலையவிடுவார்கள். பதிமூணு பேரும் அவளோடு போங்கள். வேலை உடுப்போடு. முதலில் பீம்ராவின் கார்டு, அதற்குப் பிறகு நான். இங்கே இன்னும் நாலு நாள் இருந்தால் செத்துவிட மாட்டேன். நீயும் போ, டெபோரா பக்கத்தில் நட, அவள் விட்டால்.

பீம்ராவ் கூப்பிட்டது எனக்குக் காதில் விழவில்லை என்று வக்கீல் எழுதச் சொல்கிறார். அப்படி எழுத மாட்டேன். அவன் மனைவியிடமும் நீ ஒன்றும் சொல்லிவைக்காதே. அவன் அக்கா என்று கூப்பிட்டான், கேட்டுவிட்டுத்தான் அடித்தேன் என்று நானே அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகு சங்கத்தில் நான் இருக்கலாமா என்று அவள் கை சொல்லட்டும். ஒரு கை போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே போன் பேச விடுவார்கள். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். மணி அடித்தால் எடுடா.

அக்கா